ஊருக்கே அண்ணி

எங்கள் ஊரில் ஒரு பாடகி இருக்கிறாள். அவளைவிட வயதில் மூத்த ஆள்கூட அவளை "அண்ணி" என்றுதான் கூப்பிடுவார். பேருந்து ஓட்டுநர் கூப்பிடுவார், வங்கி மேலாளர் கூப்பிடுவார், வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிற ராப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். சுவரொட்டியிலும் அந்த மூன்றெழுத்துத்தான். இத்தனை பேர் கூப்பிட்டாலும், முறைப்படி அவள் அண்ணியாக இருந்தது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான். அந்த ஒருத்தி நான். என் கூடப்பிறந்த அண்ணன் கட்டிய மனைவி அவள். "இருந்தது" என்று இழுக்கிறேனே, அங்கேதான் வம்பு. அண்ணனும் அவளும் பிரிந்த பிறகு அவள் யாருக்கு அண்ணி? அந்தப் பேர் அவளிடம் நிற்குமா? அவள்தான் எங்களிடம் நிற்பாளா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்காகக் கைக்குட்டையைத் தேட வேண்டாம். பாதிக்கு மேல் சிரிப்புத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. நான் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகு வார்த்து, பல் அடுக்கி, ராவி, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது என் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் வாயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால்தான் என் சொந்த வாய் சும்மா இருப்பதில்லை என்பது அம்மாவின் கருத்து. அம்மா அப்படித்தான் சொல்லுவாள். அந்த வாய் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அண்ணி அந்தக் காலத்தில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்தாள். வாசலுக்குப் பக்கத்தில் புகார் சொல்லவும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் ஒரு மேசை இருக்குமே, அந்த மேசை. அங்கே ஒரு மைக். வெள்ளைக் கார் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது, சிவப்புச் சட்டை போட்ட குழந்தை அம்மாவைத் தேடுகிறது, சோப்பு இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், இன்னும் கொஞ்ச நேரத்தில் கடை மூடப்போகிறோம். இதையெல்லாம் சொல்வது அவள் பொறுப்பு. குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை, கனத்த குரல். கேட்டவர்கள் கையிலிருந்த டப்பாவைப் பாதியில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார்கள். சோப்பு இலவசம் என்பதை அவள் சொன்னால் யாரோ காதலை ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஆனால் அவள் பேசும்போதெல்லாம் கடையின் ஸ்பீக்கர்கள் கடகடவென்று அதிர்ந்தன. மேலாளர் ஆள் அனுப்பச் சொன்னார். வந்தது என் அண்ணன். கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்துகிற கடையில் இருந்தான். ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். ஒரு கோளாறும் இல்லை. கீழே இறங்கி அவளைப் பேசச் சொன்னான், கேட்டான், மறுபடி பேசச் சொன்னான். பிறகு மேலாளரிடம் போய், "சார், ஸ்பீக்கர் மேல தப்பு இல்ல. அவங்க குரலுக்கு இது பத்தாது" என்றான். என் அண்ணன் ஜென்மத்தில் பேசிய ஒரே நல்ல வசனம் அது. அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தேவைப்படவில்லை, கல்யாணமே முடிந்துவிட்டது.

சோல், ஹிப்-ஹாப் எல்லாம் அவளுக்கு அறிமுகமானது அண்ணனுடைய கார் டிக்கியில். ஸ்பீக்கரைச் சோதிக்க அவன் அந்த மாதிரிப் பாட்டுகளைத்தான் போடுவான், கனத்த அடிச்சத்தம் நன்றாக விழும் என்பான். டிக்கியைத் திறந்து வைத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து அண்ணி மணிக்கணக்காகக் கேட்பாள். சோல் என்பது அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாகத் தொண்டைக்கு ஏறுகிற பாட்டு. ஹிப்-ஹாப் தாளத்துக்கு வரி வரியாகப் பேசிக்கொண்டே போவது. அண்ணிக்கு இரண்டும் வேண்டும். முதல் பாதியில் படபடவென்று பொரிந்து தள்ளுவாள், பின் பாதியில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உருகுவாள். சமையலறையில் அவள் முதன்முதலாக அப்படி உருகியபோது அம்மா ஓடி வந்து, "என்னம்மா ஆச்சு? பசிக்குதுன்னா சொல்ல வேண்டியதுதானே" என்றாள்.

அவள் எழுதின முதல் பாட்டு கடை அறிவிப்பிலிருந்தே வந்தது. இப்போது எல்லோருக்கும் தெரிந்த பாட்டுத்தான்:

"வெள்ளக் கார்க்காரரே, வண்டிய எடுங்க
உள்ள நிக்கற ஆளு வரணும், வழிய விடுங்க
பள்ளம் மேடு பாத்துத்தான் நான் இங்க வந்தேங்க
தள்ளி நில்லுன்னு சொல்ல நீங்க யாருங்க?"

முதல் மூன்று வரியும் அறிவிப்புக் குரல். கடைசி "யாருங்க"வில் சோல் இறங்கும். அந்த ஒரு சொல்லில் அவள் எத்தனை வளைவு வளைந்தாலும் சொல் தெளிவாகக் காதில் விழும். மேசையில் கற்றுக்கொண்ட பாடம் அது. கடையின் கடைசிக் கோடியில் ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குப் புரியாத வரியை அவள் எழுதவே மாட்டாள். எழுதிய பாட்டை முதலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சொல்லுவாள். குளியலறையிலிருந்து அண்ணன் "கேக்குது" என்று கத்தினால்தான் வரி தேறும்.

சரி, பேர் வந்த கதைக்கு வருகிறேன். ஊரில் ஒரு காப்பிக்கடையின் கீழ்த்தளத்தில் வாரம் ஒரு மாலை யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பாடலாம். அண்ணியை நானும் அண்ணனும் ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் போனோம். பேர் கொடுக்க வேண்டிய நேரத்தில் ஆளைக் காணோம். பயத்தில் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு "அண்ணி! அண்ணி!" என்று கத்திக்கொண்டே தேடினேன். மேடையில் காதில் ஏதோ மாட்டியிருந்த தொகுப்பாளருக்கு அதுதான் கேட்டிருக்கிறது. ஏதோ புதுப் பாடகியின் பேர் என்று நினைத்து மைக்கில், "அடுத்ததா நம்ம முன்னாடி வரப்போறது... அண்ணி!" என்றுவிட்டார்.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் கொல்லென்று சிரித்தது. முன் வரிசையில் மலை மாதிரி உட்கார்ந்திருந்த தாடிக்காரர் ஒருவர் எழுந்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க அண்ணி" என்றார். ஏன் கையை இறக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்தச் சொல் அப்படி. அண்ணி கழிவறைக் கதவைத் திறந்தபோது அத்தனை பேரும் வழிவிட்டு நின்றார்கள். வழியை விடுங்க என்கிற பாட்டைப் பாட வந்தவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தப் பேரில் இருந்த சௌகரியம் அடுத்த மாதம்தான் எங்களுக்குப் புரிந்தது. ராப்பில் போட்டி என்று ஒன்று உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று தாளத்துக்குள் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட வேண்டும். ஊரில் அதற்கு ஒரு சூரன் இருந்தான். பகலில் அச்சுக்கூடத்தில் விளம்பரப் பலகை வடிவமைப்பவன், மாலையில் எதிரில் நிற்பவனை அழவிட்டு அனுப்புபவன். பேர் கத்தி. அண்ணிக்கு எதிரே அவன் முறை வந்தது. "வா, நீ..." என்று வாயைத் திறந்தான். கூட்டத்திலிருந்து நாலு குரல், "டேய், அண்ணிடா!"

கத்தியின் முகத்தில் ஈயாடவில்லை. பையன் நல்ல வீட்டில் வளர்ந்தவன் போலிருக்கிறது. "வாங்க அண்ணி, நீங்க..." என்று மாற்றிக்கொண்டான். அங்கேதான் மாட்டினான். "வா" இருந்த இடத்தில் "வாங்க" உட்காருமா? "போ" இருந்த இடத்தில் "போங்க" நுழையுமா? ஒவ்வொரு மரியாதைக்கும் ஓர் அசை கூடியது. தாளம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவன் பின்னாலேயே "நீங்க என்ன நெனச்சிட்டிருக்கீங்க, நீங்க எழுதினதையெல்லாம்..." என்று ஓடி வந்துகொண்டிருந்தான். கடைசியில் மூச்சு வாங்கி, "மன்னிச்சுக்கோங்க" என்று முடித்தான். அது பாட்டில் இருந்த வரியா, நிஜமாகவே மன்னிப்பா என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை.

அண்ணிக்கு அந்தத் தொல்லை இல்லையே. அண்ணி என்றால் தம்பியை "நீ" என்று சொல்ல உரிமை உண்டு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"கத்தின்னு பேரு வெச்சே, காயக்கூட நறுக்கல
சுத்தி நிக்கற கூட்டத்துல உன் சொல்லு ஒண்ணும் உறைக்கல
கத்திக் கத்திப் பேசினாலும் காதுல அது ஏறல
புத்தி சொல்ல வந்தேன் தம்பி, போய் உக்காரு ஓரத்துல"

கத்தி போய் ஓரத்தில் உட்கார்ந்தான். நிஜமாகவே. மறுவாரம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணி, உங்ககூடப் பாடறேன், பின்னாடி நின்னு" என்றான். இன்றைக்கும் அவள் மேடையில் பின்குரல் அவன்தான், சுவரொட்டி வடிவமைப்பதும் அவன்தான்.

இந்தப் பேரால் உண்மையிலேயே அவதிப்பட்டது என் அண்ணன் ஒருவன்தான். கூட்டம் மொத்தமும் "அண்ணி! அண்ணி!" என்று கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தும்போது, கட்டின மனைவியை அண்ணி என்று அவன் எப்படிக் கத்துவான்? பேர் சொல்லிக் கத்தினால் யார் அது என்று பக்கத்தில் இருப்பவன் திரும்பிப் பார்க்கிறான். பாவம், விசிலோடு நிறுத்திக்கொள்வான். அவன் கடைக்கு வந்த ஒருவர், "உங்க அண்ணிக்கும் உங்களுக்கும் ஒரே முகஜாடை" என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் போட்ட கூச்சலில் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படியே வருஷங்கள் ஓடின. சூப்பர் மார்க்கெட் வேலையை விட்டாள். மேலாளர் அவளுக்குப் பிறகு மூன்று பேரை மேசையில் உட்கார வைத்துப் பார்த்தார், சோப்பு பழையபடி விற்கவில்லை என்று இன்னும் குறைப்படுகிறார். ஊர் ஊராகப் பாடினாள். எல்லாமே ஏறுமுகம் என்று சொன்னால் அது பொய். இரண்டாவது பாட்டை ஒரு காக்காய் கூடக் கேட்கவில்லை. பெரிய இசைத் தயாரிப்பாளர் ஒருவர் கூப்பிட்டு அனுப்பி, குரலை இயந்திரத்தில் போட்டுக் கொஞ்சம் மெல்லிசாக்கலாம் என்றார். "நான் மெல்லிசாகணும்னு சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன் சார், நடக்கல. குரலாவது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் வாங்கி வைத்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அந்த ஓட்டத்தில்தான் அண்ணனும் அவளும் விலகினார்கள். அவனுக்கு வேறு ஊரில் கார் தொழிற்சாலையிலேயே நல்ல வேலை. அவளுக்கு இங்கே பாட்டு. கொஞ்ச நாள் போனில் குடும்பம் நடத்தினார்கள். ஒருநாள் இருவரும் உட்கார்ந்து பேசி, போதும் என்று முடிவெடுத்தார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. என் அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். அவளும் நல்லவள். இரண்டு நல்லவர்கள் பிரிந்தால் சுற்றியிருக்கிறவர்கள் யார்மேல் கோபப்படுவது? கோர்ட்டில் இருவரும் ஒருவர் பேனாவை ஒருவர் வாங்கிச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கோர்ட் வாசலில் அது நடந்தது. அண்ணன் போய்விட்டான். அவள் படியில் நின்று கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "அண்ணி, வண்டி கூப்பிடட்டுமா?" என்று கேட்க வாயெடுத்தேன். முதல் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. இப்போதுதான் உள்ளே அந்த உறவை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வெளியே வந்ததும் வராததுமாக நான் அதைச் சொல்லி, புண்ணில் விரலை விடுவதா? விழுங்கிவிட்டு, "வண்டி கூப்பிடட்டுமா?" என்று மட்டும் மொட்டையாகக் கேட்டேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "வேண்டாம்மா, நடந்தே போறேன்" என்றாள். அதுவரை அவள் என்னிடம் "வேண்டாம்டி" என்றுதான் சொல்லுவாள்.

பாதை மாறியது அங்கேதான். பேர் சொல்ல முடியாது, அவள் எனக்கு மூத்தவள். அக்கா என்று மாற்ற முடியாது, நாக்கு வளையாது. ஆகவே ஒன்றுமே சொல்லாமல் பேசப் பழகினேன். தமிழில் ஒருவரைக் கூப்பிடாமலே எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று பரீட்சை வைத்தால் எனக்குத்தான் முதல் மதிப்பெண். செருப்புக்கடைக்கு மேல் ஓர் அறை எடுத்து அவள் தங்கினாள், நான் வாராவாரம் போவேன். வாசலில் நின்று இருமுவேன். போனில் "நான்தான்" என்பேன். எதையாவது நீட்டும்போது "இந்தாங்க" என்பேன். பேச்சை ஆரம்பிக்க "அது வந்து" என்பேன். அவளும் டீ போட்டுக் கொடுத்து, "சர்க்கரை போதுமாம்மா?" என்று விருந்தாளியைக் கேட்கிற மாதிரி கேட்பாள்.

அம்மாவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. வழக்கம்போல் "மருமகளே" என்று போனில் கூப்பிட்டு, தொண்டைக்கு மிளகு போட்டுக் குடிக்கச் சொன்னாள். "கையெழுத்துப் போட்டது அவங்க ரெண்டு பேரும்தானே? நான் எங்க போட்டேன்?" என்றாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை.

ஒருநாள் கடைத்தெருவில், சாலைக்கு எதிர்ப்பக்கம் அவள் தவறான பேருந்தில் ஏறப் போனாள். கூப்பிட்டு நிறுத்த வேண்டும். வாயைத் திறந்தேன், மூடினேன். படபடவென்று கை தட்டினேன். பக்கத்தில் நின்றவர் ஏதோ வித்தை காட்டுகிறார்கள் என்று நினைத்து என்னைப் பார்த்தார். அதற்குள் அந்தப் பக்கம் பழம் விற்கிறவர், "அண்ணி! அது வேற பக்கம் போற பஸ்ஸு!" என்று சர்வசாதாரணமாகக் கூப்பிட்டுவிட்டார். அவள் படியில் வைத்த காலை எடுத்து, அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, நிமிர்ந்து சாலையின் இந்தப் பக்கம் பார்த்தாள். கை தட்டின நிலையிலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவருக்கு இருக்கிற உரிமை எனக்கு இல்லாமல் போயிற்றே என்று அன்றைக்குப் பட்டறையில் மெழுகை உருக்கிக்கொண்டே அழுதேன். யாருக்கோ போக வேண்டிய கீழ்த்தாடைப் பற்கள் கோணலாக அமைந்து, மறுநாள் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய முதல் முழு இசைத்தொகுப்பு தயாரானது. அவ்வளவு வருஷம் தனித்தனிப் பாட்டாகவே வந்துகொண்டிருந்தவளுக்கு இது பெரிய விஷயம். ஒரு பாட்டு மட்டும் பாக்கி. ஒரு மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது கத்தி போன் செய்தான்.

"அக்கா, ஆல்பம் அட்டை இன்னிக்கு அச்சுக்குப் போகுது. அண்ணி பேர எடுத்துட்டாங்க, தெரியுமா?"

"எந்தப் பேர?"

"அண்ணிங்கற பேரத்தான். இனிமே அது வேண்டாமாம், அப்பா அம்மா வெச்ச பேரப் போடச் சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டா பதில் வரல. எனக்குக் கையே ஓடல அக்கா."

எனக்குக் காலும் ஓடவில்லை. அப்புறம் ஓடின ஓட்டத்தில் பட்டறை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. பழைய கார்க்கொட்டகை ஒன்றை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்தார்கள். சுவரெல்லாம் தடிமனான பஞ்சுத் தட்டிகள், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. சவுண்டுக்காரர் ஏதோ கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில பேர மாத்தச் சொன்னீங்களாமே?" என்றேன். வழக்கம்போல மொட்டையாகத்தான்.

"ஆமா."

"ஏன்?"

"என் பேருக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. ஆனா அந்தப் பேரு கரண்ட் பில் அனுப்பறவங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது டம்ளரைக் கீழே வைத்தாள். "அடுத்தவங்க வீட்டு உறவ நான் எதுக்குப் பேரா வெச்சுக்கணும்?"

"அடுத்தவங்க வீடா? எங்க வீடு உங்களுக்கு அடுத்தவங்க வீடா? யாரு சொன்னது, அண்ணனா? இப்பவே போன் போட்டு நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

"அவரு ஒண்ணும் சொல்லல. போன வாரம்கூட அட்டை எப்படி வந்திருக்குன்னு ஆசையாக் கேட்டாரு."

"அம்மாவா?"

"அம்மா இன்னும் மருமகளேன்னுதான் கூப்பிடறாங்க."

"அப்புறம் யாரு சொன்னது?"

"நீ."

நான் பேந்தப் பேந்த விழித்தேன். "நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லல. அதான்." அவள் குரல் இன்னும் கீழே இறங்கியது. "கோர்ட் வாசல்ல வண்டி கூப்பிடட்டுமான்னு கேட்டே. அன்னிலேர்ந்து ஒரு தடவ கூப்பிட்டிருப்பியா? இந்தாங்க, அது வந்து, நான்தான். கடைத்தெருவுல கை தட்டினே. பழக்காரர் கூப்பிடறாரு, நீ கை தட்டறே. அண்ணின்னு எவளும் தனக்குத் தானே பேரு வெச்சுக்க முடியாதும்மா. கூப்பிட ஒருத்தி இருக்கணும். நீ கூப்பிட்டதாலதான் ஊரு கூப்பிட்டுது. நீயே நிறுத்தினப்புறம் எந்த முகத்தோட நான் அத அட்டையில போட்டுக்கறது?"

"உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான்..."

"கஷ்டமா இருக்கான்னு என்னைக் கேட்டியா?"

"நீங்க மட்டும்? வாம்மா, போம்மா, சர்க்கரை போதுமாம்மா. அம்மாவும் ஆட்டுக்குட்டியும்! என்னை 'டி' போட்டுப் பேசி எவ்வளவு நாளாச்சு?"

"நீ கூப்பிடாதப்ப நான் எந்த உரிமையில டி போடறது?"

இவள் மனசு நோகக்கூடாதென்று நான் வாயை மூடிக்கொள்ள, நான் கைகழுவிவிட்டதாக அவள் நினைத்திருக்கிறாள். ஒரு சொல்லை ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை மாதம் உபசாரம் பண்ணியிருக்கிறோம். என்னை நானே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது, அவளையும் சேர்த்துத்தான்.

சவுண்டுக்காரருக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. "அண்ணி, அடுத்த ஆளு காத்திட்டிருக்காங்க. இந்த ஒண்ண முடிச்சிடலாமா?" என்றார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். பாட்டு ஓடியது. நீளமாக ஒரு சொல்லைப் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள், அதே இடத்தில் மறுபடி உடைந்தது. மூன்றாம் தடவை அவள் வாயையே திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

இந்தப் பக்கத்திலிருந்து பேசினால் அந்தப் பக்கம் கேட்காது. பேச வேண்டுமானால் மேசையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். எது என்று கேட்டேன். சவுண்டுக்காரர் காட்டினார். மெழுகு ஒட்டியிருந்த விரலால் அதை அழுத்தினேன். இருமவில்லை. "அது வந்து" என்று சொல்லவில்லை.

"அண்ணி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன?"

என்ன என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை.

"ஒண்ணும் இல்ல அண்ணி. சும்மா கூப்பிட்டேன்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால், நான் அழுதுகொண்டுதான் இருந்தேன், சந்தோஷத்தில். அப்புறம் அவள் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"இன்னொரு தடவ கூப்பிடு."

"அண்ணி."

"விட்டுப்போன மாசத்துக்கெல்லாம் சேத்துக் கூப்பிடு."

கூப்பிட்டேன். கோபமாகக் கூப்பிட்டேன், கெஞ்சிக் கூப்பிட்டேன், கடைத்தெருவில் கூப்பிட்டிருக்க வேண்டிய மாதிரி தொண்டை கிழியக் கூப்பிட்டேன். சவுண்டுக்காரர் பொத்தானிலிருந்து என் விரலை எடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

"போதும்டி, காது வலிக்குது" என்றாள் அண்ணி. "கத்திக்குப் போன் போடு. அட்டையில அதையே போடச் சொல்லு."